மாமாவின் அடிடாஸ்

அடிடாஸ் நிறுவனம் செய்யாத அடிடாஸ் ஒன்று மலேசியாவில் உண்டு. பெயர் ‘அடிடாஸ் கம்போங்’. கறுப்பு ரப்பரை அச்சில் வார்த்து ஒரே துண்டாக எடுத்த சப்பாத்து. தையல் கிடையாது, நாடா கிடையாது, உள்ளே மெத்தை என்ற பேச்சே கிடையாது. அடியில் பந்து விளையாடும் சப்பாத்துக்கு இருப்பதுபோல முளைகள். கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போனவர்கள் போட்டது அது. பிறகு கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்கள் போட்டார்கள். இப்போது காட்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிற படித்த பிள்ளைகளும் போடுகிறார்கள். விலை பத்து, பதினைந்து வெள்ளி. கொப்புளம் இலவசம்.

என் மாமா இந்தச் சப்பாத்தின் பரம பக்தர். தாப்பாப் பக்கம் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில், குடும்பத்தோடு கேமரன் மலைக்கு ஏறி வந்து தேயிலையில் சேர்ந்தார். இந்தக் குளிருக்குக் கித்தா மரம் வளராது. சப்பாத்து மட்டும் வளைவு வளைவாக அறுபது கிலோமீட்டர் அவரோடு ஏறி வந்துவிட்டது.

அவர் மகன், அதாவது என் மச்சான், கோலாலம்பூரில் கணினி வேலையில் இருக்கிறான். பாறை ஏறுவது பொழுதுபோக்கு. அத்தைக்கு இது வெகுநாள் வேறு மாதிரித் தெரிந்திருந்தது. “எம்புள்ள வாராவாரம் பத்துமலைக்குப் போயிடுறான்” என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனது உண்மைதான். 272 படி ஏறி முருகனைப் பார்க்க அல்ல. படியே இல்லாத இன்னொரு பக்கத்தில், டாமாய் என்ற சுண்ணாம்புப் பாறைச் சுவரில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தொங்க. விஷயம் தெரிந்த பிறகும் அத்தை பேச்சை மாற்றவில்லை. மலை முருகனுடையதுதானே என்றார்.

போன தீபாவளிக்கு மச்சான் முறுக்கைவிட அதிகமாகச் சப்பாத்துகளைக் கட்டிக்கொண்டு வந்தான். காரணமும் வைத்திருந்தான். கோலாலம்பூர் வெக்கையில் ரப்பர் இளகிப்போகிறதாம், கை வேர்க்கிறதாம். குளிர்ந்த இடத்தில்தான் பிடிப்பு நன்றாக இருக்குமாம். அதனால் இங்கே ஒரு சோதனை. மாமா மேசைமேல் இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம் கிளிமூக்காக வளைந்து, பார்க்கவே கால் விரலெல்லாம் சுளுக்கிக்கொள்ளும்.

“ஏண்டா, தங்கச்சி சப்பாத்த மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?”

“இல்லப்பா, இறுக்கமாத்தான் போடணும். என் சைசுக்கு ரெண்டு கம்மி.”

“எவ்வளவு?”

“ஐந்நூத்துச் சொச்சம்.”

ரெண்டு சைசு கம்மியாக எடுத்ததற்கு விலையிலும் ஏதாவது கம்மி பண்ணினார்களா என்று மாமா கேட்டார்.

பிறகு சப்பாத்தைக் கவிழ்த்துப் போட்டு ஆராய்ச்சி தொடங்கியது. கட்டைவிரல் நகத்தை அடியில் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, மெதுவாக, மனசே இல்லாமல் எழுந்து வந்தது. முன்நுனியில் தேய்ந்த இடத்தைச் சுரண்டி, வந்த தூளை விரலிடுக்கில் உருட்டி மோந்தார். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, மங்கில் வடிந்ததைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைபோட்டதையெல்லாம் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் அவர். தீர்ப்புச் சொன்னார்: “நல்ல பாலு இல்ல இது. எம்ப மாட்டேங்குது பாரு.”

மச்சான் துள்ளிவிட்டான். அதுதான் விஷயமே. நம் மரத்துப் பாலில் வரும் ரப்பர் சுறுசுறுப்பானது. அமுக்கினால் உடனே எம்பும், அதிகம் சூடேறாது. அதனால்தான் விமானச் சக்கரத்துக்கு இன்றும் அதைத் தேடுகிறார்கள். பாறைக்கு வேண்டியது சோம்பேறி ரப்பர். பாறையின் பொடிப்பொடிப் பள்ளங்களுக்குள் இறங்கினால் எழுந்திருக்கக் கூடாது. எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு பிடிப்பு, அவ்வளவு சீக்கிரத் தேய்மானம். இத்தாலியின் விப்ரம் கம்பெனி இதற்காகவே ‘எக்ஸ்எஸ் கிரிப்’ என்று மெதுவானது ஒன்றும், ‘எக்ஸ்எஸ் எட்ஜ்’ என்று கெட்டியானது ஒன்றும் போடுகிறது. மெதுவானது வழவழப்பான சரிவில் ஒட்டும். கெட்டியானது நாணயத் தடிமன் விளிம்பிலும் மடங்காமல் நிற்கும், கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய விட்டாலே பிரமானி, 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் செத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் மலையேறுகிறவர்களுக்கு ரப்பர் அடி போட வழி தேடினாராம். 1985-இல் அமெரிக்காவில் சார்லஸ் கோல் தொடங்கிய ஃபைவ் டென் கம்பெனி, ‘ஸ்டெல்த்’ என்ற ரப்பரால் பேர் வாங்கியது. 2011-இல் அதை அடிடாஸ் வாங்கிவிட்டது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடிடாஸா? நாமதான் முன்னாடியே போட்டுட்டமே!”

சோதனை மறுநாள் காலை தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. பசியாறிவிட்டு நான் நடுவராகக் கிளம்பினேன். நடுவருக்குச் சிலிப்பர் போதும், எங்கும் ஏற வேண்டியதில்லை. தேயிலைக்கு மழையும் வேண்டும், தண்ணீர் தேங்கவும் கூடாது. அதனால் சரிவு பார்த்து நடுகிறார்கள். 1929-இல் ரஸ்ஸல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்துக்கு நிலம் வாங்கிய நாளிலிருந்து இந்த மலையில் அதுதான் கதை. விளைவு, நிரைகளுக்கு நடுவே செம்மண்ணில் வெண்ணெய் தடவிய பாதைகள். அன்றைக்கு இராத்திரியெல்லாம் மழை வேறு.

மச்சான் கிளிமூக்கைப் பையில் போட்டுக்கொண்டு, பாறைக்கு நடந்துபோவதற்கென்றே செய்த இன்னொன்றை மாட்டினான். அதன் அடியும் அதே ஒட்டுகிற ரப்பர்தான், முளை இல்லாமல் தட்டையான வட்டப் பொட்டுகள். இரண்டாவது நிரை தாண்டுவதற்குள் பொட்டெல்லாம் மண் அப்பி மறைந்துபோயின. ரப்பரும் மண்ணும் நன்றாகத்தான் ஒட்டிக்கொண்டன. ஒட்டாதது அந்த மண்ணும் கீழே இருந்த மண்ணும். மச்சான் உட்கார்ந்த வாக்கில் மூன்று நிரை இறங்கினான். கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முளைகளைக் கத்தியாய் மண்ணில் இறக்கி இறக்கி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நடந்து வந்து சேர்ந்தார்.

பாதை முடிகிற இடத்தில் கிரானைட் பாறை ஒன்று. இந்த மலைத்தொடரே கிரானைட்தான். ஆனால் பாசியை ஒதுக்கிவிட்டுப் பாறையைத் தேட வேண்டும். தார்ச்சாலையைப் பார்த்த பக்கம் வெயில் பட்டுக் காய்ந்திருந்தது. மச்சான் மண்ணைத் துடைத்து, கிளிமூக்கில் காலைத் திணித்து, முகம் சிவந்து, ஏறினான். நானும் மாமாவும் பேச்சை நிறுத்திவிட்டோம். பிடிக்க ஒன்றுமில்லாத சரிவில் பெருவிரல் நுனியை மட்டும் வைத்துவிட்டு அந்தப் பையன் நின்றான். பல்லி நிற்பதற்குக்கூட யோசிக்கும் இடம் அது.

மாமாவும் விடவில்லை. கம்போங்கை எடுத்து வைத்தார். முளைகளின் நுனி மட்டும் பாறையில் பட்டது, ‘கிரீச்’ என்றது, கால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. இன்னொரு முறை வைத்தார், அதே கிரீச். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“மேல என்னடா இருக்கு?”

“ஒண்ணுமில்லப்பா.”

“அப்புறம் எதுக்கு ஏறணும்?”

பிடிப்பில் ஆளுக்கு ஒன்று என்று நடுவர் எழுதிக்கொண்டார். உழைப்பில்தான் தகராறு. மச்சான் சப்பாத்து நடக்கவே நடக்காது. பாறையடி வரை பையில் வந்து, ஏறி முடித்ததும் பைக்குள் போய்விடும். அப்படியும் மூக்கு தேய்ந்து ஓட்டை விழும். புது அடி ஒட்ட மறுபடி செலவு. நடக்காத சப்பாத்து தேய்கிற அதிசயத்தை மாமாவால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. கம்போங் தினமும் உழைத்து, ஒருநாள் குதிகாலோரம் கிழியும். ஒட்டவும் தைக்கவும் வழியில்லை, புதுசுதான். வெயிலில் காயப் போட்டால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும் என்பதால் மாமா அதை வீட்டுக்குள் வைப்பார். அந்த வாடையோடு குடித்தனம் நடத்துகிற செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அத்தை கட்சி.

கிளம்பும்போது மச்சான் ஓட்டை விழுந்த பழைய ஜோடியைக் குப்பையில் போட்டான். மாமா எடுத்து, அடியை மட்டும் அறுத்து, கோயிலில் தோரணம் கட்டுகிற ஏணியின் இரண்டு காலிலும் ஆணி அடித்துவிட்டார். சிமெண்டுத் தரையில் ஏணி இப்போது இம்மிகூட நகர்வதில்லை. குறை ஒன்றுதான்: வைத்த இடமெல்லாம் கறுப்பாகக் கோடு விழுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அத்தை தேய்க்கிறார், போகவில்லை. பத்துமலைக்குப் போய்ப் பிள்ளை இதைத்தான் கற்றுவந்தானா என்று மாமாவைத்தான் திட்டுகிறார்.