சண்டையால் காக்கப்பட்ட தண்டட்டி: கடமலை–மயிலை வட்டாரத்தில் ஆத்தா நகை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

ஆத்தா விட்டுச்சென்ற நகை தலைமுறை தாண்டி வீட்டில் தங்குவது எதனால்? ‘எல்லாம் பாசந்தான்’ என்பது கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் காலங்காலமாகச் சொல்லப்படும் விடை. அது தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், வருசநாட்டு மலையில் பிறந்து வரும் மூல வைகையின் கரையில் உள்ள மயிலாடும்பாறை. ஆய்வுப்பொருள், ஒரு ஜோடி தண்டட்டி. ஆய்வுக்கு இசைந்த குடும்பத்தின் பெயர், ஆய்வாளரின் உடல்நலம் கருதித் தவிர்க்கப்படுகிறது.

2. பொருளின் இயல்பு

தண்டட்டி காதில் போடும் நகை. ஆனால் இருக்கிற காதில் போட முடியாது. முதலில் காதைத் தயாரிக்க வேண்டும். சின்ன வயதிலேயே காது குத்தி, பஞ்சைத் திரித்துத் துளையில் செருகி, துளை பெருகப் பெருகப் பஞ்சையும் பெருக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி மடலைத் தோள் பக்கம் இறக்குவார்கள். இதற்குக் காது வளர்ப்பு என்று பெயர். நெல்லையில் பாம்படம் என்பதும் இதே குடும்பத்து நகைதான்: உருண்டை, கட்டம், கூம்பு என்று ஒரு ஜியோமெட்ரி பெட்டியே காதில் தொங்கும்.

இன்றைய மகள்களின் காதுத்துளையில் திருகாணி நுழைவதே பெரும்பாடு. ஆகவே தண்டட்டி, வாரிசுகள் யாராலும் போட முடியாத நகை. ஆய்வாளர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வாரிசுகள் இருத்திக்கொள்வதில்லை.

இன்னொன்று. தண்டட்டி முழுக்கத் தங்கம் அல்ல. வெளியே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அரக்கு என்பது மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். எனவே உடன்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதில் ஒரு பகுதி தங்கத்துக்காகவும், மறுபகுதி பூச்சிக்காகவும் என்று கொள்ள வேண்டும்.

3. முந்தைய ஆய்வுகள்

தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். காது வளர்ப்பு அதில் உண்டு. காதுக்குரியவள் போன பிறகு நடப்பதுதான் நம் துறை. 2023இல் ராம் சங்கையா இயக்கி, பசுபதியும் ரோகிணியும் நடித்து வந்த ‘தண்டட்டி’ திரைப்படம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. அதில் இறந்த மூதாட்டியின் தண்டட்டி காணாமல் போய், போலீஸ் தேடுகிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகச் சேகரிப்பிலும் பாம்படங்கள் உள்ளன. ஏதோ ஒரு குடும்பத்தில் சண்டையே வரவில்லை என்பதற்கு அவை வருத்தம் தரும் சான்று.

4. எடை

ஆத்தா நகைக்கு இரண்டு எடைகள் உண்டு. தராசுப் பவுன் என்பது 8 கிராம். வாய்ப்பவுன் என்பது சொல்பவரைப் பொறுத்தது. ஆத்தா இருக்கும்போது நாலு பவுனாக இருந்த நகை, கருமாதியன்று ஆறு பவுனாகி, பங்கு பேச உட்காரும்போது பத்தைத் தொடும். ஆண்டிபட்டிப் பத்தர் உரைகல்லில் உரசி, அரக்குக் கழித்து ஒரு எண் சொல்வார். அந்தக் கணமே அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார்.

‘அந்தக் காலத்துத் தங்கம், சொக்கத் தங்கம்’ என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உரியது. பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த பழைய நகை, உருக்கிப் பார்த்தால் பல சமயம் 22 காரட்டுக்குக் கீழேதான் நிற்கும். வருமானவரிச் சோதனையில் மணமான பெண்ணிடம் 500 கிராம் வரை, அதாவது 62½ பவுன் வரை, பறிமுதல் செய்ய வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994இல் அறிவுறுத்தியது. நம் ஆய்வுக்களத்தில் அந்த வரம்பைத் தாண்டுபவர்கள் ஏராளம், எல்லோரும் வாய்ப்பவுனில்.

5. உரிமைக் கோட்பாடுகள்

உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து மகன், மகள், கணவன் எல்லோருக்கும் சமம் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மயிலாடும்பாறைச் சட்டம் இதைவிட நுட்பமானது.

அ) தலைச்சன் உரிமை: முதலில் பிறந்ததால்.
ஆ) கடைக்குட்டி உரிமை: கடைசியில் பிறந்ததால்.
இ) கஞ்சி உரிமை: கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியதால்.
ஈ) பெயர் உரிமை: ஆத்தா பெயரைப் பேத்திக்கு வைத்ததால். (பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை மாற்றிவிட்டது விவாதத்தில் எடுக்கப்படாது.)
உ) சாவி உரிமை: மருமகள் பெயர் அந்த 15ஆம் பிரிவில் இல்லை, பீரோ சாவி மட்டும் அவள் இடுப்பில் இருக்கிறது.

6. சான்றுப் பிரச்சினை

நகைவழக்கில் நம் முன்னோடி கண்ணகி. கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பில், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கும் மங்கலதேவி கோயிலில் இருக்கிறாள். சிலம்பை உடைத்தாள், உள்ளே மாணிக்கம், அரசியுடையதில் முத்து, தீர்ப்பு முடிந்தது. இம்முறை தண்டட்டிக்கு உதவாது. எந்தத் தண்டட்டியை உடைத்தாலும் அரக்குத்தான் வரும்.

எனவே வெளிப்புறச் சான்றைத் தேடினோம். தகரப்பெட்டியின் அடியில் மஞ்சள் துணி, அதற்குள் சுருக்குப்பை, அதற்குள் கசங்கிய ரோஸ் தாள், அதற்குள் ஜோடி. வலது காதுத் தண்டட்டியின் கட்டத்தில் அருகருகே இரண்டு சின்னக் குழிகள். இடுப்பிலிருந்த ஏதோ ஒரு பிள்ளை, முளைத்த கீழ்ப்பல் இரண்டால் கடித்த தடம். வாக்குமூலங்கள் வருமாறு:

மூத்தவள்: “அது நான் கடிச்சது. ஆத்தா எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கு!”

நடுவுள்ளவள்: “யக்கா, நீ கைப்பிள்ளையா இருந்தப்ப ஆத்தா காதுல தண்டட்டியே கெடையாது. அப்பத்தா செத்த பெறகுதேன் இது ஆத்தாளுக்கு வந்துச்சு.”

கடைக்குட்டி: “அப்ப நாந்தேன்.”

மருமகள், அடுப்படியிலிருந்து: “எலி கடிச்சிருக்கும்.”

2021 ஜூன் முதல் நகைக்கடைகளில் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி, இன்று ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனி அடையாளம் பொறிக்கிறார்கள். தண்டட்டிக்கு அந்த வேலையைப் பல் முளைத்த ஒரு பிள்ளை முன்னமே செய்துவிட்டது. யார் பிள்ளை என்பதில்தான் வழக்கு.

7. நிரூபணம்

ஒரே மகள் உள்ள வீட்டில் போட்டி இல்லை. எனவே நகை இரண்டொரு தீபாவளிக்குள் கடைக்குப் போய், அரக்குக் கழிவு, சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போக ஒரு செயினாகத் திரும்பும். இரண்டு மகள்கள் என்றால் ஆளுக்கு ஒன்று. ஒற்றைத் தண்டட்டியை வைத்து என்ன செய்வது என்று இரண்டும் உருகும். மூன்று மகள்கள் என்றால்தான் அறிவியல் தொடங்குகிறது. ஒரு ஜோடியை மூன்றாகப் பிரிக்க உருக்க வேண்டும். உருக்க மூவரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க மூவரும் பேசிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நிபந்தனை நிறைவேறாததால் நகை அப்படியே இருக்கிறது.

யார் வீட்டில் வைப்பது என்பதிலும் ஒத்துவராதபோது, நகை கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போகும். அங்கே வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பார்கள். எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு கவனமாகப் பாதுகாத்ததில்லை. 2021இல் தமிழக அரசு ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, இத்தகைய நகைகள் வீடு திரும்பி, ஆறியிருந்த வழக்குகளும் கூடவே திரும்பின.

8. ஒரு மறுப்பு

‘எல்லாம் பணத்துக்காகத்தானே?’ என்று கேட்கலாம். இதையும் சோதித்தோம். அண்ணன்காரன் எழுந்து, “மூணு பேருக்கும் இன்னைக்கு வெலைக்குக் காசாக் குடுத்துர்றேன், விடுங்கத்தா” என்றான். அன்று முழுவதும் எதிலும் ஒன்றுபடாத மூவரும் ஒரே குரலில், “காசு யாருக்குடா வேணும்?” என்று அவன் மேல் பாய்ந்தார்கள். பாசம் என்று ஒன்று இருக்குமானால், இக்கருவிகளால் அளக்க முடிந்தது இவ்வளவே.

9. பரிந்துரைகள்

தாய்மார்கள் உயில் எழுதலாகாது. மகள் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே, “இது ஒனக்குத்தேன், வெளிய சொல்லாத” என்று சொல்லிவைப்பது நல்லது. இவ்வழக்கம் ஏற்கனவே பரவலாக உள்ளது. கடைசியாக, ‘விட்டுக்குடுத்துப் போங்கப்பா’ என்று ஊர்ஊராகச் சமாதானம் பேசிவரும் பெரிய மனிதர்களைத் தொல்லியல் துறை உடனே கண்காணிக்க வேண்டும். அவர்கள் பேச்சு எடுபடுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜோடி உருகிக்கொண்டிருக்கிறது.