உயிருள்ள கல் கேட்கும் தண்ணீர்

கேள்வி: பவளம் கல்லா, செடியா, பூச்சியா?

பதில்: மூன்றின் சாயலும் அதற்கு உண்டு என்றாலும், அறிவியல் அதனை விலங்கு என்றே வகுத்துள்ளது. சிறு வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட பாலிப் என்னும் மெல்லுடல் உயிர், கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் அரகோனைட் என்னும் சுண்ணக் கனிமமாகப் படியவைத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அதன் திசுவில் குடியிருக்கும் நுண்பாசியோ, ஒளியைக் கொண்டு சமைக்கும் உணவில் பெரும்பங்கை வாடகையாகத் தந்துவிடுகிறது. வீட்டில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் ஒளி போதாவிட்டால், இவ்வாறு சுண்ணக்கூடு கட்டும் கல் பவளம் பட்டினி கிடந்து மடிவது இதனால்தான்.

கேள்வி: தூத்துக்குடி உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது, அதற்கான காரணம் உப்பளத்திலேயே கிடக்கிறது. பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் பெரும்பாலும் ஜிப்சமாக முதலில் படிந்துவிட, அதன்பின் சோடியம் குளோரைடு உப்பாக விளைய, மக்னீசியம் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது. கல் பவளம் எவற்றைத் தேடுகிறதோ அவற்றைக் கழித்தபின் கிடைப்பதே சமையல் உப்பு. எனவே பவளத் தொட்டிக்கென்றே தயாராகும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் கரைத்து, உப்பளவு லிட்டருக்கு 35 கிராமாகவும், கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராமாகவும், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் இருக்கச் செய்ய வேண்டும். இவற்றோடு, அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் முதலியவற்றின் இருப்பைக் குறிக்கும் காரத்திறனையும் வாரந்தோறும் அளப்பது இன்றியமையாதது. பவளம் வளர வளர முதலில் குறைவது அதுவே.

கேள்வி: தொட்டி சிறியதானால் வேலையும் குறையும் அல்லவா?

பதில்: கூடும். 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால், நீர் மட்டும் போய் உப்பு தங்கிவிடுவதால், 35 என்றிருந்த உப்பளவு ஏறத்தாழ 37 ஆகிவிடுகிறது. கண்ணாடியின் மேல்விளிம்பில் விரற்கடை அகலத்துக்குப் பூத்திருக்கும் வெள்ளை உப்புக்கோடு அதற்குச் சாட்சி. குறைந்ததை நாள்தோறும் நன்னீரால் ஈடுசெய்ய வேண்டுமேயன்றி உப்புநீரால் அல்ல. வெப்பநிலையை 25, 26 பாகை செல்சியசில் நிலைநிறுத்துவதும் அதேபோல் தேவை; எண் சற்று முன்பின் இருந்தாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும், திடீர் மாற்றத்தைப் பொறுப்பதில்லை.

கேள்வி: முதலில் எந்தப் பவளத்தை வைப்பது?

பதில்: மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறவே பல வாரங்கள் ஆகும் என்பதால், முதலில் பொறுமையைத்தான் வைக்க வேண்டும். அதன்பின் டங்கன், காலஸ்ட்ரியா போன்ற பெரிய பாலிப் பவளங்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை. அக்ரோபோரா என்னும் பவளமோ நீர் நன்கு நிலைப்பட்ட தொட்டிக்கே உரியது. டார்ச் பவளம் பகலில் பூங்கொத்தாய் அசைந்தாலும், இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அண்டைப் பவளத்தைச் சுட்டுவிடும் இயல்புடையதாகையால், அதனைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுவது நல்லது.

கேள்வி: இராமேசுவரம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துவரலாமா?

பதில்: கூடவே கூடாது. கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும், இடம்பெற்றுள்ளன. கரையொதுங்கிய உயிரற்ற துண்டுக்கும் அச்சட்டம் பொருந்தும். ஆகவே மேற்கண்ட குறிப்புகள், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள் சட்டப்படி விற்கப்படும் லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் வாழும் வாசகர்களுக்கே உரியவை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் முன்பு வெட்டியெடுக்கப்பட்டு, பின்னர் கடல் வெப்பத்தால் வெளிறியும் நலிந்த மன்னார் வளைகுடாப் பவளத்தை, அது பிறந்த இடத்திலேயே விட்டுவைக்குமாறும், எவரேனும் அதை விற்கக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்குமாறும் தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.