பாஸ்வேர்டு மாமா

செய்யார்ப் பக்கத்துத் தறிக்காரத் தெருக்களில் ஜாதகம் பார்க்கிறவர் ஒருவர், தேள்கடிக்கு மந்திரிக்கிறவர் ஒருவர், மனு எழுதித் தருகிறவர் ஒருவர் என்று எப்போதும் உண்டு. அந்த வரிசையில் இப்போது பாஸ்வேர்டு மாமாவும் சேர்ந்துவிட்டார். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டில் நாலு தறி, ஆரணிக் கடைக்குப் பட்டு. கையில் மகன் வாங்கித் தந்த போன்.

எங்கள் தெரு மாமா இந்தத் துறைக்கு வந்தது ஒரு முந்தியால். அவர் போட்ட மயில் முந்தி, சேலை கடைக்குப் போவதற்குள் இன்னொருவர் தறியில் ஏறிவிட்டது. ஆத்திரத்தில் தறிக்கூடத்துக்கு நாலு கேமரா மாட்டினார். மாட்ட வந்த பையன் பெயர் கேட்ட இடத்திலும் 'அட்மின்', பாஸ்வேர்டு கேட்ட இடத்திலும் 'அட்மின்' என்று விட்டுவிட்டுப் போனான். ஆறு மாதம் கழித்து மாமா யூடியூபில் மிராய் என்ற ஹேக்கர் புரோகிராமின் கதையைப் பார்த்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் போயிற்று; மறுநாளிலிருந்து எங்களுக்கு.

டீக்கடையில் மாமா மிராய் கதை சொல்லக் கேட்டால் புரிசைக் கூத்தே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். "2016. அமெரிக்காவுல மூணு சின்னப் பசங்க. மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தொழில்ல போட்டி. அதுக்கு ஒரு புரோகிராம் எழுதறானுங்க. அதுக்குத் தெரிஞ்சது அறுபத்திச் சொச்சம் பாஸ்வேர்டுதான். ஊர் உலகத்துல இருக்கிற கேமரா, ரௌட்டர் வாசல்ல எல்லாம் போய் நின்னு, அத்தனையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாக்குது. தொறந்த வூட்டுக்குள்ள பூந்து, கருவியக் கூலிக்கு ஆள் புடிக்கற மாதிரி புடிச்சுகினு போவுது. அப்புறம் அந்தப் புரோகிராமை பசங்க பொதுவுல கொட்டிட்டானுங்க. எவனோ எடுத்தான். அக்டோபர் 21, டைன்னு ஒரு கம்பெனி மேல பாய விட்டான். ட்விட்டர் காலி! நெட்ஃபிளிக்ஸ் காலி!"

"நம்ம கேமராவா அமெரிக்கா போய்ச் சண்டை போடும்?" என்றார் அவர் தறியில் நெய்யும் பெரியவர். "பாவுல எலி ஓடுனதையே அது புடிக்கல."

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கும், மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்பது மாமாவுக்குப் பிடித்த பகுதி. மாதாந்திர ஷட்டவுன் அன்று தெருவே விசிறியால் விசிறிக்கொண்டு புலம்பும்போது அவர் மட்டும் திண்ணையில் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். "மின்வாரியம் நமக்குச் செய்யற சேவை இன்னான்னு உங்களுக்குத் தெரியாது." பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் கரண்ட் வந்த சில நிமிடங்களிலேயே அது திரும்பி வந்துவிடக்கூடும் என்பது அதே வீடியோவின் பின்பாதியில் இருந்தது. பின்பாதியை நான்தான் பார்த்தேன். மாமாவுக்கு அன்றைய டேட்டா முன்பாதியோடு தீர்ந்துபோயிருந்தது.

அவர் சொல்வது பொய் என்று தள்ளவும் முடியாது. அதுதான் சங்கடம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னது. மாமா பிடித்துக்கொண்டது அந்தத் 'தனியாக' என்ற சொல்லை. அணு உலைக்கே தனி என்றால் நாலு தறிக்கு வேண்டாமா? வீட்டு வைஃபையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று குடும்பத்துக்கு, இன்னொன்றுக்கு 'கெஸ்ட்' என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், விவரம் தெரிந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கும் அந்த 'கெஸ்ட்' வைஃபையையே கொடுத்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், அதிரசத் தட்டைத் தள்ளி வைத்தார். மாமா பதறிப்போய்ச் சமாதானம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மாப்ளே, டிவி, கேமரா எல்லாம்கூட அதுலதான் இருக்குது."

ஒருவழியாகக் கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றினார். சாதாரண பாஸ்வேர்டா? பாட்டனார் பெயர், பாவு இழைக் கணக்கு, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. அவ்வளவு அருமையானதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு மனிதரால் முடியுமா? டீக்கடையில் சொன்னார். சொன்ன பிறகுதான் மாற்ற வேண்டும் என்று தோன்றியது, மாற்றினார். மாற்றியது முன்னதைவிட அருமையாக இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்போது மாமாவின் பாட்டனார், பூட்டனார் வரை வம்சாவளி மனப்பாடம்.

2025 ஏப்ரலிலிருந்து கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகிவிட்டதும், மாமா ஆரணிக்குப் போய்க் கடை கடையாகச் சான்று கேட்டார். மூன்றாவது கடையில் நிற்கும்போது போன் அலறியது: கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது. திறந்து பார்த்தால் கும்மிருட்டு. "ஹேக் பண்ணிட்டான்!" என்று கத்திக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம், சைபர் குற்றத்துக்கான 1930-ஐ இப்போதே அழைப்பதா, வீடு போய் அழைப்பதா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆலோசனை.

தறிக்கூடத்தில் பெரியவர் புது முந்தி ஒன்றை நெய்துகொண்டிருந்தார். கேமராவின் மேல் அவருடைய கட்டம்போட்ட துண்டு தொங்கியது.

"இன்னா பெரியவரே இது?"

"எங்கப்பா காலத்துல வெளியாளு வந்தா தறி மேல துண்டப் போடுவோம்" என்றார் அவர், நாடாவை ஓட்டியபடியே. "இது ராத்திரி பகலா குந்திகினு பாக்குது. அதான் இதும்மேல போட்டேன்."