ஆகாய மார்க்கம்

சேலையூர்க்காரனுக்கு மதுரையில் மாமனார் வீடு அமைந்தால் ஒரு வசதி. 2024 ஆகஸ்ட்டில் விட்டார்களே நாகர்கோவில் வந்தே பாரத், அது தாம்பரத்தில் நின்று போகிறது. ஐந்தரை மணி நேரத்துக்குள் மதுரை. "பேசாம அதுல போயிடலாங்க" என்றாள் மனைவி. விடியற்காலையில் பிளாட்பாரத்தில் நின்று கொட்டாவி விடவா நான் பிறந்தேன்? கணக்குப் போட்டேன். ஆகாய மார்க்கமாக மதுரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 பறக்கும். ஆக, அரை மணி நேரம்! மாமனாரிடம் மூச்சு விடாதே, நேரில் போய் அசத்துவோம் என்றேன்.

டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. விசாரித்தால், விமானக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து அங்கே போய்க் கட்டை வைக்கிறவரை கணக்கு எழுதுவார்களாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். போதாக்குறைக்கு எங்களுக்கு வாய்த்தது விசிறி வைத்த ஏடிஆர். அது 500-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். "420-னு சொன்னப்பவே நான் உஷாராகியிருக்கணும்" என்றாள்.

தாம்பரத்துக்கு நாலாவது ஸ்டேஷன் திருசூலம். இறங்கினால் எதிரே ஏர்போர்ட். ஆனால் ஆகாயத்தில் போகிறவன் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போவதா? கார் வரச் சொன்னேன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு உறைந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, மகளின் டியூஷன் ஃபீஸ் விவகாரத்தை வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பேசியே தீர்த்துவைத்தார்.

பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். மாமனார் வீட்டுக்கென்று தைத்த தொளதொள பேன்ட். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி நின்றேன். "ரெண்டு கையும்" என்றார் காவலர்.

வீட்டைப் பூட்டி மூன்று மணி நேரம் கழித்து விமானம் ஒருவழியாக எழும்பி, இடப்பக்கம் சாய்ந்தது. ஜன்னலோரம் இருந்தவள், "அட, நம்ம ஏரியாங்க!" என்றாள். அப்புறம் மெதுவாக, "மோட்டாரை நிறுத்தினீங்களா?"

பேச்சை மாற்ற வேண்டுமே. யாழ்ப்பாணத்துப் பலாலி இருக்கிறதே, வான்வழியில் அது நமக்கு மதுரையைவிடக் கிட்டே, 355 கிலோமீட்டர்தான் தெரியுமா என்றேன். "அங்கேயே போயிருக்கலாம். உங்களைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றாள்.

மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால், குரோம்பேட்டைச் சகலை காலையிலேயே வந்தே பாரத்தில் வந்து, குளித்து, சாப்பிட்டு, எனக்கென்று இருக்கிற தலையணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ரயில் லேட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்:

"ஆமாப்பா, திண்டுக்கல்ல போட்டுட்டான்."