ஆக்சா பிளேடு எடுக்குமுன்ன

வாய்யா பேராண்டி, உக்காரு. ஈரச் சட்டையோட சுவத்துல சாயாத, சுண்ணாம்பு ஒட்டிக்கிடும். எப்படி யோசிக்கணும்னு சொல்ற ‘மென்டல் மாடல்’ புஸ்தகமெல்லாம் நீ வாங்கியாந்தியே, நானும் புரட்டிப் பாத்தேன். நல்ல சரக்குதான். உங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டதுதான் அதுகளோட கெரகம்.

மாடித் தொட்டிக் குழாயை நானே மாத்துறேன், ரெண்டு மணி நேர வேலைன்னியே, அந்தக் கணக்கை யாருய்யா உனக்குப் போட்டுக் குடுத்தது? டேனியல் கானமன்னு ஒரு இஸ்ரேல்காரர், பின்னாடி 2002ல நோபல் வாங்குனவர். அவரும் கூட்டாளிகளும், சரியா முடிவெடுக்கிறது எப்படின்னு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் எழுத உக்காந்தாக. ஏறக்குறைய 2 வருசத்துல முடிச்சிரலாம்னு ஆளாளுக்குக் கணக்குச் சொன்னாக. இதே மாதிரி வேலையில எறங்குன மத்த கூட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு வெவரம் தெரிஞ்சவர்ட்ட கேட்டா, நூத்துல 40 கூட்டம் முடிக்கவே இல்லை, முடிச்சவுகளுக்கும் 7 வருசத்துக்குக் குறையலைன்னாரு. அதைக் கேட்டுக்கிட்டும் விடாம எழுதுனாக. 8 வருசம் ஆச்சு. அந்தப் புஸ்தகம் பள்ளிக்கூடப் படி ஏறவே இல்லை. நோபல் வாங்குனவருக்கே அந்தக் கதி. நீ பக்கத்து வீட்டுல போயி, ‘உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சது’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்க மாட்ட. படிச்ச பிள்ளை.

அதைக்கூட விடு. தொட்டிக்குப் பக்கத்துல வானத்தைப் பாத்துக்கிட்டு ஒரு பைப் நின்னுச்சே, அதை ஏன்யா அறுத்த? ‘இதுல தண்ணியே வரலை தாத்தா, தண்டம்’ன்ன. அறுத்து மூடியும் போட்டுட்ட. அதுல எப்படிய்யா தண்ணி வரும்? அது காத்துக்கு வச்சது. தொட்டி வத்தி மறுபடி நெறையும்போது, குழாய்க்குள்ள சிக்குன காத்து அது வழியாத்தான் வெளியேறும். அதை அடைச்சா, மேல தொட்டி நெறையத் தண்ணி, கீழ குழாயைத் தொறந்தா வெறும் ‘புஸ்ஸு’. செஸ்டர்டன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1929லயே எழுதிட்டாரு, குறுக்க வேலி நின்னா அதை எதுக்குப் போட்டாகன்னு தெரிஞ்சப்புறம்தான் பிடுங்கணும்னு. உன் புஸ்தகத்துல அது வர்ற எடத்துல நீ மஞ்சப் பேனாவால கோடு வேற போட்டிருக்க. கோடு போட்ட கையும் ஆக்சா பிளேடு பிடிச்ச கையும் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.

வேலை கெட்டப்புறம் அதுக்கு எந்த மாடல்னு பேர் சூட்டுறதுல நீ கெட்டிக்காரன். உங்க அத்தை குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்குழாய்க்கு நடக்கையில அந்தப் பேரைச் சொல்லிப் பாரேன், என்ன பதில் வருதுன்னு.

அடுத்து சுவத்துல புஸ்தகப் பலகை மாட்டப்போறியாம். கேரி க்ளைன்னு ஒருத்தர் நல்ல வித்தை சொல்லியிருக்காரு. வேலை ஊத்திக்கிச்சுன்னு முதல்லயே வச்சுக்கிட்டு, ஏன் ஊத்திக்கிச்சுன்னு யோசிக்கணுமாம். சரி, பலகை விழுந்துருச்சு. ஏன்? ஸ்குரூ பூச்சோட நின்னிருக்கும், செங்கல்லைத் தொட்டிருக்காது. இல்லைன்னா பிளக்கை விடத் துளை பெருசாப் போயிருக்கும். இல்லைன்னா நீ வாங்குன புஸ்தகம் அத்தனையையும் ஒரே பலகையில அடுக்கியிருப்ப. இதையெல்லாம் டிரில்லைக் கையில எடுக்குமுன்ன யோசிய்யா. சுவிட்சு போர்டுக்கு நேர் மேல மட்டும் துளை போட்டுறாத, வயரு அந்த வழியாத்தான் போகுது.