பேகன் பிழை: குறிஞ்சி நிலத்து மீன்தொட்டி நீர் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வேடு என்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். இந்த ஆய்வின் எல்லை இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அதற்குள் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர். களம், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டு முன்கூடம். காலம், ஒரு கார்த்திகை முதல் மறு கார்த்திகை வரை. முதன்மைச் சான்று தொட்டித் தண்ணீர்; துணைமைச் சான்று என் மாமியார். நெறியாளராக இருக்க யாரும் ஒப்பவில்லை.

இத்தொட்டி எந்தத் திணையைச் சேர்ந்தது என்பதே முதல் சிக்கல். ஏழாயிரம் அடி உயரத்தில், மலையும் மலை சார்ந்த இடமும் ஆகையால் நிலத்தால் இது குறிஞ்சி. உள்ளே இருப்பதோ நன்னீர் மீன். அது மருதத்தின் கருப்பொருள். பிற்பாடு அதில் விழுந்த கிளிஞ்சல் ராமேஸ்வரத்துக் கடற்கரையில் பொறுக்கியது, அது நெய்தல். திணைமயக்கம் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் கடைசியில் திணையைத் தீர்மானிப்பது உரிப்பொருள்தானே? ஹாலில் டிவி இருந்த இடத்தைத் தொட்டி பிடித்துக்கொண்ட நாள் முதல் எங்கள் வீட்டில் நடந்துவருவது ஊடல். ஆகவே மருதம் என்று முடிவுசெய்தேன். ஒரு நாள் அது இரங்கலாக மாறி நெய்தலுக்குப் போனதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இனி முன்னோடிகள். இந்த மலையடிவாரத்தை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். இன்றைய பழனியைச் சுற்றியது அவன் நாடு. அவன் செய்த காரியம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மயில் ஒன்று குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்துவிட்டான். இரண்டாயிரம் ஆண்டாக அதைக் கொடை என்று பாராட்டிவருகிறோம். மயிலின் தரப்பை யாரும் கேட்டதில்லை. மேகம் கண்டு தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்த பறவை, திடீரென்று ஒரு ராஜாவின் போர்வைக்குள் அகப்பட்டுக்கொண்டது. தனக்குக் குளிரினால் எதிரில் இருப்பதற்கும் குளிரும் என்று எண்ணி அன்பு செலுத்துவதை இந்த ஆய்வில் ‘பேகன் பிழை’ என்று அழைக்கிறேன். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான் என்பதும், கபிலரும் பரணரும் உட்பட நான்கு புலவர்கள் வந்து ‘வீட்டுக்குப் போ’ என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் புறநானூற்றுச் செய்தி. மீன்தொட்டி வைத்திருக்கும் கணவன்மார் கவனிக்க.

மேலைநாட்டு முன்னோடிகளுக்கு ஒரு பத்தி போதும். லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853இல் மீன் இல்லம் திறந்தார்கள். மறுவருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரப்பியது. அதற்கு ஒன்பதே ஆண்டு கழித்து, 1863இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் இங்கே ஓடைகளை மறித்து ஏரி கட்டினார். சுமார் 60 ஏக்கர். மனிதன் கட்டியது, பார்த்து மகிழ்வதற்கென்றே இருப்பது, உள்ளே மீன் கிடப்பது, சுற்றி நின்று கண்டதையும் தீனியாகப் போடுவது: எந்த இலக்கணப்படி பார்த்தாலும் அது மீன்தொட்டிதான். கொஞ்சம் பெரியது.

ஆய்வின் மையத்துக்கு வருவோம். மீன் தின்கிறது, தின்றதில் ஒரு பகுதி அம்மோனியாவாகிப் பெரும்பாலும் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. தாலுகா அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொண்டால் மேலே நடப்பது எளிதில் விளங்கும். கூழாங்கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதன் ஊழியர்கள். முதல் மேசை அம்மோனியாவை வாங்கி நைட்ரைட் ஆக்கி அடுத்த மேசைக்குத் தள்ளும்; அதுவும் விஷம்தான். இரண்டாம் மேசை அதை நைட்ரேட் ஆக்கும். அது ஓரளவு சாது. மூன்றாம் மேசை கிடையாது, கோப்பு அங்கேயே குவியும். குவிந்ததை வாளியில் மொண்டு வெளியே கொட்டுவதைத்தான் தண்ணி மாத்துறது என்கிறோம். இந்த மேசைகளை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் பிரித்துக் காட்டினார். இரண்டு மேசை வேலையையும் ஒரே ஆள் முடித்துவிடும் நுண்ணுயிரும் உண்டு என்று 2015இல் தெரியவந்தது. தாலுகா அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

புதுத் தொட்டியில் இந்தப் பணியிடங்கள் நிரம்ப நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கொடைக்கானலில் அதற்கும் மேலே. குளிரில் ஊழியர்கள் கம்பளியை விட்டு வருவதில்லை. பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளைவெளேர் என்று ஆக்குகிறவர், அலுவலகத்தையே கூண்டோடு பணிநீக்கம் செய்கிறார். பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே ஒரு அலசு அலசினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் பிடித்து ஒரு நாள் வைக்கவும். அவசரமென்றால் கடையில் ஹைப்போ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் வேறு. மேற்படி ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முடிக்க ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. சமவெளி போர் தண்ணீரில் அதற்குப் பஞ்சமில்லை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வகையறா. பழனிமலை சார்னோகைட் பாறை. மழைநீர் அதன்மேல் எவ்வளவு தூரம் ஓடினாலும் சுண்ணாம்பு பெரிதாகக் கரைந்து வராது. எங்கள் தண்ணீரில் சோப்பு அப்படி நுரைக்கும், பருப்பு பஞ்சாக வேகும். மீன்தொட்டிக்கோ அது கையிருப்பு இல்லாத கஜானா. சில மாதத்தில் காசு தீர்ந்து பிஎச் இறங்கும். சம்பளம் வராத ஊழியர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மூச்சு விஷயத்தில் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் முக்காலுக்குச் சற்று மேல்தான். ஆனால் குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதால், 15 டிகிரியில் கணக்குப் போட்டால் 7.8 வருகிறது. மலையேறினால் இரைப்பது நமக்குத்தான். மீனுக்குக் கொளத்தூரும் கொடைக்கானலும் ஒன்று.

ஆய்வு மாதிரிகள் பழனியில் வாங்கப்பட்டன: ஆறு கோல்ட்பிஷ், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில். வெளியூர் வண்டி கொடைக்கானலுக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். மீனிடம் யாரும் கேட்கவில்லை. பஸ் பெருமாள்மலையை நெருங்கும்போது பை சிப்ஸ் பாக்கெட் மாதிரி விம்மிப் புடைத்து, ரப்பர் பேண்ட் போட்ட கழுத்து விறைத்து நின்றது. அடிவாரத்தில் ஒரு லிட்டராக இருந்த காற்று மேலே வந்தால் ஒன்றேகால் லிட்டர். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “சார், இது வெடிச்சா டிக்கெட் வாங்காத ஆறு பேரு பஸ்ஸுக்குள்ள நீந்துவாங்க, பாத்துக்குங்க” என்றார்.

முதல் பத்து மாதம் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. பிறகு ஐப்பசி மழை. குழாயில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். தண்ணீர் மாற்றுவதை இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. ஏறக்குறைய அந்த இடைவெளிக்கு என் நடைமுறை போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து டெஸ்ட் கிட்டை எடுத்தேன். குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், சொட்டு சொட்டாக மருந்து, மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம். பிஎச் அட்டையின் அடிமட்ட மஞ்சள், ஆறு. அம்மோனியா பச்சையாக வந்தது. எந்தப் பச்சை என்பதில் சச்சரவு. டியூப் லைட்டில் கிளிப்பச்சை, ஜன்னலோரத்து மூடுபனி வெளிச்சத்தில் இலைப்பச்சை. என் மனைவி பீரோவிலிருந்து ஒரு சேலையைக் கொண்டுவந்து குழாயைப் பார்டரோடு ஒட்டி வைத்து, “ஏங்க, இது பாட்டில் கிரீன். அட்டையிலயே இல்ல” என்று தீர்ப்புச் சொன்னாள்.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு அம்மோனியாவில் ஆறு மீனும் உயிரோடு இருந்தன. அடியில் அசையாமல் கிடந்தன, அவ்வளவுதான். தொட்டியில் 12 டிகிரி. நான் ஸ்வெட்டர், மப்ளர், அதன்மேல் சால்வையோடு நின்று பார்த்தேன். ஐயோ பாவம், நடுங்குகின்றனவே என்று தோன்றியது. இரவு எட்டு மணிக்கு 100 வாட் ஹீட்டரைச் சொருகினேன். புளித்த தண்ணீருக்குப் பரிகாரமாக இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவும் போட்டேன். மனநிறைவோடு தூங்கினேன். பேகனும் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பான்.

மறுநாள் மதியம் தண்ணீர் 22 டிகிரி, பிஎச் எட்டு. நான்கு மீன் மல்லாந்து மிதந்தன.

விளக்கம் இது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகக் கடிக்காது. மற்றது கட்டவிழ்ந்த அம்மோனியா, செவுளில் ஏறிக் கொல்லும். யார் எவ்வளவு என்பதைப் பிஎச்சும் சூடும் முடிவுசெய்கின்றன. 12 டிகிரியில், பிஎச் ஆறில், கொல்லும் பங்கு பத்தாயிரத்தில் இரண்டு. 22 டிகிரியில், பிஎச் எட்டில், நூற்றுக்கு நாலுக்கு மேல். ஏறத்தாழ இருநூறு மடங்கு. குளிரும் புளிப்பும் சேர்ந்து பூட்டி வைத்திருந்த விஷத்தை நான் அன்போடு திறந்துவிட்டேன். பிஎச் ஒரே இரவில் அப்படித் தாவியதும் தன் பங்குக்கு அடித்தது. கோல்ட்பிஷ் குளிர் தாங்கும் மீன். அடியில் மந்தமாகக் கிடப்பது அதன் மார்கழி வழக்கம்.

அன்று வீட்டில் ஊடல் இல்லை. நால்வரையும் ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தோம். மாமியார் மட்டும், “மாப்ள, போத்திவிட்டீக, சரி. சோடா எதுக்குக் குடுத்தீக? அதுகளுக்கு என்ன வாயுவா?” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆத்துல மீனுக்கு எவன் தண்ணி மாத்துறான்?” என்றும் கேட்டார். ஆறே மாற்றிக்கொள்கிறது அத்தை, நிற்காமல் மாற்றிக்கொள்கிறது என்றேன். இந்த ஆய்வின் ஒரே வாய்மொழித் தேர்வு அது.

வெப்பமானி பற்றி ஒரு வரி. இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவால் 2001இல் மூடப்பட்டது. பாதரசம் உள்ள எதையும் தண்ணீர் அருகே கொண்டுபோக இந்த ஊர்க்காரனுக்குக் கை வராது. அதில் வேடிக்கை செய்ய ஒன்றுமில்லை. தொட்டிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய வெப்பமானி போதும்.

மிஞ்சிய இருவரும் நலம். புதன்கிழமைதோறும் 12 லிட்டர் தண்ணீர், முதல்நாளே பிடித்து ஹாலில் வைத்தது, மாறுகிறது. பில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் கிடக்கிறது. தேவைப்பட்ட அளவுக்கு மெல்லக் கரைகிறது, ஆப்ப சோடாவைப் போல அவசரப்படுவதில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி, குளிரில் அதிலும் பாதி. சலித்துப்போய் மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஹீட்டர் பரணில் இருக்கிறது. 100 வாட், ஒரே ஒரு இரவு ஓடியது. வேண்டியவர்கள் நாயுடுபுரம் வந்து எடுத்துக்கொள்ளலாம். மயில் வளர்ப்பவர்களுக்குத் தருவதற்கில்லை.