பவளக்கொடிக்கு மழை ஆகாது!

வாசகர், பிரிஞ்சாங், கேமரன் மலை

கேள்வி: தாத்தா காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத் திருவிழாவில் போட்ட 'பவளக்கொடி' இசை நாடகத்தைக் கோடிகள் கொட்டிப் படமாக்கினால் ஓடுமா?

பதில்: முந்திக்கொண்டுவிட்டார்கள் ஐயா! மேடையில் சக்கைப்போடு போட்ட அந்த நாடகத்தை 1934-லேயே கே.சுப்ரமணியம் படமாக்கிவிட்டார். மேடையில் ஜோடியாக நடித்த எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியுமே திரையிலும். பாட்டு மட்டும் சுமார் 50. வசனம் பேச எப்போது நேரம் கிடைத்ததோ! சூரிய வெளிச்சத்தை நம்பி சென்னை அடையாறில் எடுத்தார்கள். உங்கள் ஊரில் எடுத்தால் மத்தியான மழைக்குக் கதாநாயகன் அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டுக் குடையைத் தூக்க வேண்டியதுதான். மலேசியாவில் 'புத்ரி குனோங் லேடாங்' உஷாராகத் தலைகீழாகப் போனது: 2004-ல் படம், 2006-ல்தான் இசை நாடகம். இருந்தாலும், தோட்ட முதலாளி பணம் போடுவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அர்ஜுனன் வேடத்துக்கு அடியேன் ரெடி.